ஊமையாகிப்போன மூட்டை

அத்தியாயம் 6

"ஈயத்தை விட்டுட்டு நூலைத் திருடிட்டுப் போன திருடனை இப்பத்தான் அக்கா முதல்தடவையாக் கேள்விப்படறேன்," என்றான் வம்சி.

நிலோஃபர் இரும்பு அலமாரியின் முன்னால் குந்தி உட்கார்ந்து, கீழ்த்தட்டில் இருந்த ஒரு பிளாஸ்டிக் மூட்டையின் முடிச்சையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கோயமுத்தூர் அவிநாசி சாலையில் இருக்கும் மருதவனம் புற்றுநோய் மருத்துவமனையின் அடித்தளத்தில், ஜெனரேட்டர் அறைக்குப் பக்கத்தில் இருந்தது அந்த அறை. கதவில் மூன்று இதழ் போட்ட கதிரியக்கச் சின்னம். உள்ளே அலமாரி நிறைய மூட்டைகள், ஒவ்வொன்றிலும் தேதி எழுதிய சீட்டு. மூலையில் தடித்தடியாக ஈய டப்பாக்கள். உக்கடம் பழைய இரும்புக் கடைக்காரர் யாராவது அந்த டப்பாக்களைப் பார்த்தால் அன்றைக்கு மதியம் சாப்பிடப் போக மாட்டார். ஆனால் ஒரு டப்பாகூட நகர்ந்திருக்கவில்லை.

நிலோஃபருக்கு வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. கோட்டைமேட்டில் பிறந்து, இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பொய் க்ளெய்ம்களைப் பிடித்துக் கொடுத்தே பெயரையும் பகையையும் சம்பாதித்து, இப்போது கிராஸ்கட் ரோட்டில் ஒரு சேலைக்கடையின் மாடியில் துப்பறியும் அலுவலகம் வைத்திருக்கிறாள். வம்சி அவளுடைய உதவியாளன். பெரியநாயக்கன்பாளையத்தில் அப்பாவின் பம்ப்செட் பட்டறையை விட்டு ஓடி வந்தவன். லேத் மிஷினிடம் வாயாட முடியாது என்பதுதான் அவன் சொல்லும் காரணம்.

"இந்தக் குப்பையை எரிச்சுட்டா என்னங்க மேடம்?" என்று அவன் பூஜிதாவிடம் கேட்டான்.

பூஜிதா இந்த மருத்துவமனையின் கதிர்வீச்சுப் பாதுகாப்பு அலுவலர். முப்பதைக்கூடத் தொடாத பெண். காலையிலிருந்து அழுதிருக்கிறாள் என்பது முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

"எரிச்சாப் புகையில வரும். புதைச்சா மண்ணுல இருக்கும். இதுக்கு ஒரே வைத்தியம் காத்திருக்கறதுதான். தைராய்டு கேன்சருக்குக் கொடுக்கிற அயோடின் எட்டு நாளைக்கு ஒருதரம் பாதியாகும். அப்படியே குறைஞ்சு குறைஞ்சு மீட்டர்ல சத்தமே வராதுங்கற நிலைமைக்கு வந்த பிறகு சாதாரணக் குப்பையோட அனுப்புவோம்."

"அப்ப இது ஜெயில். தண்டனைக்காலம் முடிஞ்சா விடுதலை."

"ஆமா. ஒரு கைதி தப்பிச்சுட்டான்," என்றாள் பூஜிதா. அவள் சிரிக்கவில்லை.

விஷயம் இதுதான். கீதா என்ற பெண், கொடுமுடிப் பக்கத்துக்காரி. ஒரு மாதத்துக்கு முன்னால் அயோடின் மருந்து சாப்பிட்டுவிட்டுத் தனி அறையில் இருந்தாள். அவள் உடம்பிலிருந்தே கதிர் வரும் என்பதால் யாரும் கிட்டே போகக் கூடாது. வீட்டுக்குப் போகும்போது, அவள் உடுத்திய சேலை, துண்டு, தலையணை உறை எல்லாவற்றையும் மூட்டை கட்டி இந்த அறையில் வைத்தார்கள். இன்று காலை பூஜிதா அந்த மூட்டையில் மீட்டரை வைத்துப் பார்த்திருக்கிறாள்.

"கணக்குப்படி அது இன்னும் கொஞ்சம் சத்தம் போடணும். ஊமையா இருந்துச்சு. திறந்து பார்த்தா எல்லாம் இருக்கு, அவங்க கழுத்துல போட்டிருந்த மஞ்சக்கயிறு மட்டும் இல்லை."

"நகையெல்லாம் கழட்டிட்டுத்தானே உள்ளே விடுவீங்க?" என்றாள் நிலோஃபர்.

"தங்கத்தாலியைக் கழட்டிப் புருஷன்கிட்டக் கொடுத்துட்டாங்க. வெறும் கழுத்தோட இருக்க மாட்டேன்னு மஞ்சக்கயிறுல ஒரு விரலி மஞ்சளைக் கட்டிப் போட்டுக்கிட்டாங்க. சரி போகட்டும், அதையும் கடைசியில மூட்டையில போட்டுக்கலாம்னு விட்டுட்டேன். உள்ளே இருந்த நாளெல்லாம் பயத்துல அந்தக் கயிறையே கடிச்சுக்கிட்டு இருந்திருக்காங்க. எச்சில்ல அயோடின் நிறைய வரும். மூட்டையிலேயே அதிகமாச் சத்தம் போட்டது அந்தக் கயிறுதான்."

"இப்ப அது யார்கிட்டயாவது இருந்தா?"

"பெரியவங்க கையில இருந்தாப் பெரிசா ஒண்ணும் ஆகாது. ஆனா சின்னக் குழந்தை யாராவது வாயில வெச்சா, உள்ளே போறது நேரா கழுத்துக்குத்தான் போகும். தைராய்டுல போய் உட்கார்ந்துக்கும்." பூஜிதா தன் தொண்டையைத் தொட்டுக் காட்டினாள். "மேலிடத்துக்குத் தகவல் சொல்லிட்டேன். அவங்க வர்ற வரைக்கும் என்னால கையைக் கட்டிக்கிட்டு உட்கார முடியலை, அதான் உங்களைக் கூப்பிட்டேன். வாரா வாரம் இந்த மூட்டைகளை அளந்திருக்கணும் நான். ஒரு மாசமா அளக்கலை. சாவியும் என்கிட்ட மட்டும்தான் இருக்கணும். ஒவ்வொரு தடவையும் கீழே இறங்கி வரணுமேன்னு மயிலாத்தாள்கிட்டக் கொடுத்து வெச்சிருந்தேன்."

மயிலாத்தாள், அந்தத் தனி வார்டில் துப்புரவு வேலை பார்க்கும் அம்மாள். செக்யூரிட்டி அறையில் உட்கார வைத்திருந்தார்கள். அவள்தான் திருடி விற்றிருப்பாள் என்பது நிர்வாகத்தின் முடிவு. எதை, யாருக்கு என்று கேட்டால் அவர்களிடம் பதில் இல்லை. மேலே இருப்பவர்களுக்குக் கீழே இருப்பவர்கள் மேல் சந்தேகம் வருவதற்குக் காரணம் வேண்டியதில்லை.

நிலோஃபர் எழுந்து நின்றாள். "மத்த மூட்டையெல்லாம் பிளாஸ்டிக் பட்டையைப் போட்டு இறுக்கி இருக்கு. இது மட்டும் கையால முடிஞ்சிருக்கு. நீங்க போட்ட முடிச்சா?"

"இல்லை. திறக்கும்போதே அப்படித்தான் இருந்துச்சு."

"உள்ளே சேலை எப்படி இருந்துச்சு?"

பூஜிதா யோசித்தாள். "மடிச்சு இருந்துச்சு."

"பேஷண்ட் மடிச்சுப் போட்டாங்களா?"

"இல்லை. கையுறை போட்டுக்கிட்டு அப்படியே சுருட்டி உள்ளே தள்ளுவோம்."

"பாரு வம்சி. பூட்டைத் திறந்து, மூட்டையை அவிழ்த்து, கயிறை எடுத்து, போகும்போது சேலையை நாலா மடிச்சு வெச்சுட்டுப் போயிருக்காங்க. இதை நீ திருட்டுன்னு சொல்வியா?"

"எங்க பெரியம்மா வந்துட்டுப் போனாங்கன்னு சொல்வேன்."

"அதேதான். வா, அந்தப் பெரியம்மாவைப் பார்க்கலாம்."

மயிலாத்தாள் முக்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தாள். எதிரில் வைத்த டீ ஆடை கட்டிப்போயிருந்தது. நிலோஃபர் நாற்காலியை இழுத்துப்போட்டு அவளுக்கு நேராக உட்கார்ந்தாள்.

"சேலையை நல்லா மடிச்சு வெச்சிருந்தீங்கம்மா."

மயிலாத்தாள் நிமிர்ந்து பார்த்தாள். அதற்குமேல் அவளால் தாக்குப்பிடிக்க முடியவில்லை. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"திருடுலீங்க அம்மணி. சத்தியமாத் திருடுலீங்க. புருசன் குத்துக்கல்லாட்டம் இருக்கறப்ப அந்தப் புள்ளை கயித்தைக் கொண்டாந்து குப்பையோட குப்பையாப் போடலாமுங்களா? மனசு கேக்குலீங்க. எடுத்து ஒரு கவர்ல போட்டு அவங்கூட்டுக்காரருகிட்டக் கொடுத்துப்போட்டேன். ஆத்துல உட்டுப்போடுங்கன்னு சொன்னேனுங்க. கொடுமுடியில ஊட்டுக்குப் பக்கத்துலயே காவேரிதானுங்களே."

"உங்களை யாராவது எடுக்கச் சொன்னாங்களா?"

"ஆரும் சொல்லுலீங்க. நானாத்தான் எடுத்தேன்." அந்தப் பதில் மட்டும் கொஞ்சம் வேகமாக வந்தது. நிலோஃபர் அதைக் கவனித்துக்கொண்டாள்.

"அந்தம்மாவுக்குக் குழந்தை இருக்கா?"

"ஒரு பொட்டப்புள்ளைங்க. ஒண்ணரை வயசு இருக்கும். கதவுக்கு அக்கட்ட ஒக்காந்து அழுவுமுங்க அந்தக் கீதாப் புள்ளை. 'எங்கயித்தைப் புடிச்சுக்கிட்டாத்தான் தூங்குவாளுங்க அக்கா, இப்ப எப்படித் தூங்கறாளோ'ன்னு. ரவ்வும் பகலும் அதே பேச்சுத்தானுங்க." மயிலாத்தாள் கண்ணைத் துடைத்தாள். "நாஞ் செஞ்சதுனால ஆருக்காச்சும் ஒண்ணு ஆயிருச்சுங்களா?"

நிலோஃபர் அவள் கையைத் தட்டிக்கொடுத்துவிட்டு வெளியே வந்தாள். கீதாவின் கணவன் மாசாணத்தின் நம்பரைப் பூஜிதாவிடம் வாங்கி, வராந்தாவிலேயே நின்று போன் செய்தாள். பேச்சு அரை நிமிடம்கூட நீடிக்கவில்லை.

"என்ன சொல்றாரு?" என்றான் வம்சி.

"ஆத்துல விட்டுட்டாராம்."

"அப்பறமென்ன? காவேரி மேல கேஸ் போட முடியாது. ஊட்டுக்குப் போலாம்."

"வண்டியை எடு. கொடுமுடிக்குப் போறோம்."

"அவருதான் சொல்லிட்டாருல்ல?"

"நான் கயிறுன்னு சொல்லவே இல்லை வம்சி. 'மருதவனத்துல இருந்து பேசறோம், கீதா எப்படி இருக்காங்க'ன்னு மட்டும்தான் கேட்டேன். 'அதை அன்னிக்கே ஆத்துல உட்டுப்போட்டேனுங்க'ன்னு சொல்றாரு."

பூஜிதா ஓடிப்போய் ஒரு மீட்டரையும், கையுறைகளையும், மூடி போட்ட ஈய டப்பா ஒன்றையும் கொண்டுவந்து காரில் வைத்தாள். டப்பாவின் கனத்தைத் தூக்கிப் பார்த்துவிட்டு வம்சி, "ஒரு நூலுக்கு இவ்வளவு பெரிய வீடா?" என்றான். பூஜிதா தானும் வருகிறேன் என்றாள். மேலிடத்திலிருந்து ஆள் வரும் நேரம் என்பதால் நிலோஃபர் வேண்டாமென்றாள்.

பல்லடம், காங்கேயம், முத்தூர் என்று வண்டி போனது. வம்சி ஆரம்பத்தில் ஏதேதோ பேசிக்கொண்டு வந்தான். காங்கேயத்தில் டீ குடிக்கலாமா என்றான். நிலோஃபர் தலையை ஆட்டி மறுத்தாள். அவளுக்குப் பிடிக்காத வகைக் கேஸ் இது. குற்றவாளி கெட்டவனாக இருந்துவிட்டால் வேலை சுலபம்.

மாசாணத்தின் தோட்டம் கொடுமுடிக்குச் சற்று முன்னால், வாய்க்காலை ஒட்டி இருந்தது. மாசி மாதம். மஞ்சள் வெட்டி வேகவைத்துக் களம் முழுக்கக் காயப் போட்டிருந்தார்கள். களம் மஞ்சள், சாக்கு மஞ்சள், வாசல்படி மஞ்சள், கயிற்றுக் கட்டிலில் படுத்திருந்த நாயின் முதுகுகூட மஞ்சள்.

"மஞ்சள் கறையைத் தடயம்னு சொன்னா இங்க நாயையும் சேர்த்துக் கைது பண்ணணும் அக்கா."

மாசாணம் வீட்டுக்குள்ளிருந்து வேகமாக வெளியே வந்தான். முப்பத்தைந்து வயதிருக்கும். கையில் பால் புட்டி.

"வாங்க வாங்க. ஏனுங்க, இத்தனை தூரம் வரோணுமுங்களா? போன்லதான் சொன்னனுங்களே."

"இந்தப் பக்கம் வேற வேலை இருந்துச்சு. கீதா எங்கே?"

"அதோ, அந்தச் சாளையிலதானுங்க." களத்துக்கு அந்தப் பக்கம் ஓடு வேய்ந்த சின்ன வீடு ஒன்றைக் காட்டினான். "ஆஸ்பத்திரியில புள்ளை கிட்டப் போகக்கூடாதுன்னு சொன்னாங்கல்லங்க. அவளே பொங்கித் தின்னுக்கிட்டு, அவளே பாத்திரம் கழுவிக்கிட்டு, தனியாத்தான் கெடக்கறா. புள்ளை இங்க அழுதா அவ அங்க காதைப் பொத்திக்குவாளுங்க."

"கயிறை எங்கே விட்டீங்க?"

"மகுடேசுவரர் கோயிலுக்குப் பின்னால, படித்துறையிலதானுங்க."

"உடனேவா?"

"அன்னிக்கேங்க." அவன் நிலோஃபரின் முகத்தைப் பார்க்காமல் பால் புட்டியைப் பார்த்துப் பேசினான்.

நிலோஃபர் கட்டிலில் உட்கார்ந்தாள். நாய் எழுந்து இடம் விட்டது. "பாப்பா பேரென்ன?"

"அக்ஷிதாங்க."

"எங்கே அவ?"

"தூங்கறாளுங்க."

"இந்த வயசுக் குழந்தை, அம்மா இல்லாம ரொம்பப் படுத்தியிருப்பாளே. ஒரு மாசமா நீங்களும் தூங்கியிருக்க மாட்டீங்க."

மாசாணத்தின் முகம் முதல்தடவையாகத் தளர்ந்தது. "அட, அதெல்லாம் இல்லீங்க. மொத ரெண்டு மூணு நாளுதான் ஒரே அழிச்சாட்டியம். அப்பறம் தொட்டில்ல போட்டா பொட்டாட்டத் தூங்கிக்குவாளுங்க. ஒரு தொந்தரவும் இல்லீங்க."

"அம்மா கயிறைப் பிடிச்சுக்காமத் தூங்கவே மாட்டாள்னு கேள்விப்பட்டேனே."

மாசாணம் பால் புட்டியின் மூடியைத் திருக ஆரம்பித்தான்.

"அப்ப இப்ப எதைப் பிடிச்சுக்கிட்டுத் தூங்கறா மாசாணம்?"

அவன் உள்ளறைப் பக்கம் திரும்பிப் பார்த்தான். நிலோஃபர் வம்சியைப் பார்த்தாள். வம்சி மீட்டரைப் போட்டுக்கொண்டு வாசல்படி ஏறினான். அது எப்போதோ ஒருமுறை 'டிக்' என்றது. நடையைத் தாண்டும்போது அந்த டிக்குகள் நெருங்கின. உள்ளறையில் உத்தரத்திலிருந்து பழைய நூல்சேலையால் தொட்டில் கட்டியிருந்தது. அதன் பக்கத்தில் போனதும் மீட்டர் எண்ணெயில் போட்ட கடுகு போலப் பொரிய ஆரம்பித்தது.

வம்சி அப்படியே நின்றுவிட்டான். "அக்கா," என்றான். அந்தக் குரலில் கிண்டல் எதுவும் இல்லை.

நிலோஃபர் கையுறையை மாட்டிக்கொண்டு தொட்டிலை விலக்கினாள். அக்ஷிதா ஒருக்களித்துப் படுத்திருந்தாள். சுருட்டைமுடி நெற்றியில் ஒட்டியிருந்தது. தொட்டில் துணியின் ஓரத்தில் முடிச்சுப் போட்ட மஞ்சள்கயிறு ஒன்று அவள் உள்ளங்கைக்குள் போய், வாயோரத்தில் வந்து முடிந்தது. அதன் நுனியில் ஒரு விரலி மஞ்சள். குழந்தை சப்பிச் சப்பி அது ஒரு பக்கம் தேய்ந்து மழுங்கியிருந்தது.

நிலோஃபர் அந்தச் சின்ன விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். இத்தனை வருடத் தொழிலில் எத்தனையோ பேர் கையிலிருந்து எதையெதையோ பறிமுதல் செய்திருக்கிறாள். இதைச் செய்யும்போது அவளுக்கே தான் திருடுவது போலிருந்தது. கயிற்றை முடிச்சோடு அவிழ்த்து ஈய டப்பாவுக்குள் போட்டு மூடினாள். தொட்டில் துணியையும் கழற்றவேண்டும் என்று வம்சியிடம் சொன்னாள். குழந்தையைத் தூக்கிப் பாயில் கிடத்தி, ஈரத்துணியால் வாயையும் கையையும் துடைத்தாள். அது தூக்கத்தில் சிணுங்கியதோடு சரி.

மாசாணம் நிலைப்படியில் சரிந்து உட்கார்ந்திருந்தான்.

"உடத்தானுங்க போனேன். படித்துறையில முழங்காத் தண்ணியில நின்னேன். கவரைத் தொறந்ததும் மஞ்ச வாசமும் அவ வாசமும் அடிச்சதுங்க. மொத நாள் ரவ்வு முச்சூடும் புள்ளை என்ற தோள்ல கெடந்து அழுதுச்சு. என்ற கழுத்துல கையை உட்டு உட்டுத் தேடுச்சுங்க. எனக்கு மனசு வரலை. ஒருநாளைக்கு மட்டும் கட்டிப் பாப்பம்னு கொண்டாந்து கட்டுனேன். புடிச்ச ஒடனே தூங்கிருச்சுங்க. அதைப் பாத்ததுக்கப்பறம் அவுக்க முடியலீங்க."

"ஆஸ்பத்திரியில சொன்னாங்களா, அவங்க தொட்ட துணிமணியெல்லாம் குழந்தைகிட்ட வரக்கூடாதுன்னு?"

"சொன்னாங்க. சேலை துணியத்தான் சொல்றாங்கன்னு நெனைச்சேன். இது தாலிக்கயிறுங்களே. இதுல என்ன கெடுதல் இருக்கும்னு..." அவன் தலையில் அடித்துக்கொண்டான். "கீதாகிட்ட மட்டும் சொல்லிப்போடாதீங்க. உங்க காலைத் தொட்டுக் கேக்கறேன். ஆத்துல உட்டாச்சுன்னே இருக்கட்டும்."

"இன்னிக்கே பாப்பாவை மருதவனத்துக்குக் கூட்டிட்டுப் போகணும். அம்மாவுக்குத் தெரியாம எப்படிக் கூட்டிட்டுப் போவீங்க?"

"நான் கேட்டுக்கிட்டுத்தானுங்க இருக்கறேன்."

எல்லோரும் திரும்பினார்கள். வாசலில், படிக்குச் சற்றுத் தள்ளி, களத்து மஞ்சளுக்கு நடுவே கீதா நின்றிருந்தாள். மெலிந்த உடம்பு. கழுத்தின் கீழே அறுவைசிகிச்சைத் தழும்பு, அதற்கும் கீழே புதுக்கயிற்றில் தங்கத்தாலி. கார் வந்த சத்தம் கேட்டு வந்திருக்கிறாள். ஆனால் அத்தனை நேரமும் படியேறவில்லை. அவ்வளவு கட்டுப்பாடாக அவள் குழந்தையைக் காப்பாற்றியிருக்கிறாள்.

மாசாணம் எழுந்தான்.

நிலோஃபர் போனில் பூஜிதாவைப் பிடித்து, ஸ்பீக்கரில் போட்டாள். நடந்ததைச் சுருக்கமாகச் சொன்னாள்.

"உடனே கூட்டிட்டு வாங்க," என்றாள் பூஜிதா. "கழுத்துல எவ்வளவு இருக்குன்னு பார்க்கணும். கொஞ்சமாத்தான் இருக்கும்னு நினைக்கிறேன். நினைக்கிறேன்னுதான் சொல்ல முடியும்."

"நான் வண்டியில ஏறலாமுங்களா மேடம்?" என்று கீதா களத்திலிருந்தே கேட்டாள். "எங்கிட்ட இன்னும் அது இருக்குமுங்களா? நான் பஸ்ஸுல வேணா வாரேன்."

"மூணு வாரம்னுதானே கீதா சொல்லியிருந்தேன்?" என்றாள் பூஜிதா.

"சொன்னீங்க. பயந்துக்கிட்டு இன்னொரு வாரம் போகட்டும்னு நானேதானுங்க இருந்துக்கிட்டேன்."

"வம்சி, அவங்க பக்கத்துல மீட்டரை வெச்சுப் பாருங்க."

வம்சி படியிறங்கிப் போனான். கீதா இரண்டடி பின்னால் நகர்ந்தாள். "பயப்படாதீங்க அக்கா," என்று சொல்லி அவன் மீட்டரை அவள் கழுத்துப் பக்கம் நீட்டினான். ஒரு டிக். ரொம்பநேரம் கழித்து இன்னொன்று. வாசலில் சும்மா பிடித்தபோது வந்த அதே சத்தம்தான்.

"ஒண்ணுமே இல்லை மேடம்," என்றான் போனைப் பார்த்து.

"இருக்காது. தண்ணி குடிக்கக் குடிக்க உடம்பு அதை வெளியேத்திடும். கயிறுக்கு அந்த வழி இல்லையே. அதுபாட்டுக்கு மெதுவாக் குறைஞ்சுக்கிட்டுத்தான் இருக்கும்," என்றாள் பூஜிதா. "போன வாரமே நீங்க பாப்பாவைத் தூக்கியிருக்கலாம் கீதா. நானே கூப்பிட்டுச் சொல்லியிருக்கணும்."

கீதா அதைக் கேட்டுக்கொண்டு நின்றாள். தான் சுத்தமாகிச் சாளைக்குள் அடைந்து கிடக்க, தன்னை விலக்கி வைத்த விஷயம் தொட்டிலில் குழந்தையோடு படுத்திருந்தது என்பது அவளுக்குப் புரிய அதிக நேரம் ஆகவில்லை. அவள் கத்தவில்லை. புருஷனைத் திட்டவுமில்லை.

"மயிலாத்தாள் அக்காவை வேலையை உட்டு எடுத்துப்போட்டாங்களா?" என்று நிலோஃபரிடம் கேட்டாள்.

"இன்னும் இல்லை. தானா எடுத்ததாச் சொல்றாங்க."

"தானா எடுக்கலீங்க. நான்தானுங்க கெஞ்சிக் கேட்டேன். அவுங்க மாட்டேன்னுதான் சொன்னாங்க. 'என்ற புருசனுக்கு ஒண்ணு ஆனா நீங்க வந்து நிப்பீங்களா'ன்னு கேட்டேன். அதுக்கப்பறந்தான் எடுத்தாங்க." அவள் மாசாணத்தைப் பார்த்தாள். "உங்களுக்கு ஒண்ணும் ஆகக்கூடாதுன்னு நெனைச்சேன். புள்ளையை நெனைக்கவே இல்லை நானு."

நிலோஃபருக்கு அந்தக் கேஸ் அங்கேதான் முடிந்தது. குற்றவாளிகள் வரிசையாக முன்னால் நிற்கிறார்கள், போனிலும் ஒருத்தி இருக்கிறாள். யாரைக் கைகாட்டுவது என்று அவளுக்குத் தெரியவில்லை. கைகாட்ட மனமும் இல்லை.

உள்ளே குழந்தை விழித்துக்கொண்டு அழுதது. பழகிய இடத்தில் கயிறு இல்லை. பாயைத் தடவித் தடவித் தேடி, கிடைக்காமல் வீறிட்டது.

"போ கீதா," என்றான் மாசாணம். "தூக்கு."

கீதா தண்ணீர்த் தொட்டியடிக்குப் போய்க் கையைக் கழுவினாள். சோப்புப் போட்டு முழங்கைவரை தேய்த்தாள். திரும்பவும் கழுவினாள். குழந்தை அழுதுகொண்டே இருந்தது. மூன்றாவது தடவையும் சோப்பை எடுத்தபோது நிலோஃபர் போய் அவள் கையிலிருந்து அதை வாங்கி வைத்தாள்.

குழந்தை அம்மாவைப் பார்த்ததும் ஒருகணம் அழுகையை நிறுத்தியது. அடையாளம் தெரிந்ததும் முன்னைவிட உரக்க அழுது, இரண்டு கையையும் நீட்டியது. கீதா தூக்கிக்கொண்டாள். அவள் தோளில் முகம் பட்ட உடனே அந்தக் கை கழுத்துக்குள் நுழைந்து கயிற்றைப் பிடித்து இழுத்து வாய்க்குக் கொண்டுபோனது.

கீதா அதை வாயிலிருந்து பிடுங்கினாள். ஒரு கையால் குழந்தையை அணைத்தபடியே மறுகையால் தாலியைத் தலைக்குமேலே கழற்றி மாசாணத்திடம் நீட்டினாள்.

"கீதா, இது புதுசுதானே," என்றான் அவன். "இதுல ஒண்ணும் இல்லையே."

"இருந்துட்டுப் போகட்டும். பிடிங்க."

அவன் வாங்கிச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டான். குழந்தை வெறும் கழுத்தைத் தடவிப் பார்த்து, கொஞ்சநேரம் விசும்பி, தழும்பின் மேலே கன்னத்தை வைத்துக்கொண்டது.

கார் கிளம்பியது. டப்பாவும் தொட்டில் துணியும் டிக்கியில். பின்சீட்டில் கீதா, குழந்தை, மாசாணம். வண்டி முத்தூரைத் தாண்டியது.

"ஏனுங்க," என்று கீதா முன்சீட்டைப் பார்த்துக் கேட்டாள். "இன்னிக்குப் பாத்துட்டு ஒண்ணுமில்லைன்னு சொல்லிப்போட்டா, அதோட சரியாயிருமுங்களா?"

நிலோஃபர் பொய் சொல்லலாமா என்று யோசித்தாள். "இல்லைம்மா. வருஷா வருஷம் கழுத்தைப் பார்க்கணும்னு சொல்வாங்க. அவ பெரியவளாகிற வரைக்கும்."

கீதா தலையாட்டினாள். குழந்தை தூங்கிவிட்டிருந்தது. வெள்ளகோவில் பக்கம் வந்தபோது அவள் மறுபடி பேசினாள். இந்தத் தடவை யாரைப் பார்த்தும் இல்லை.

"பேசற வயசு வந்ததும் கேப்பாளுங்களே. மத்தப் புள்ளைகளுக்கெல்லாம் பாக்கறதில்லை, எதுக்கும்மா என்ற கழுத்தை மட்டும் வருசா வருசம் பாக்கறாங்கன்னு."

"அப்பன் செஞ்சதுன்னு சொல்லிப்போடு," என்றான் மாசாணம்.

"அப்பனுக்கு அது எப்படிக் கெடைச்சுதுன்னு கேட்டா?"

அவன் ஜன்னலுக்கு வெளியே பார்க்க ஆரம்பித்தான். கீதா குழந்தையின் சின்னக் கழுத்தில் இரண்டு விரலை வைத்து, அங்கே எதுவும் தட்டுப்படுகிறதா என்று அழுத்தாமல் தடவிப் பார்த்துக்கொண்டே கோயமுத்தூர்வரை வந்தாள்.